பதினான்காவது நகர்வுக்குப் பிறகு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி ஆலை ஒன்றின் பரிசோதனை அறையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன். எல்லோரும் அதை லேப் என்பார்கள். உலையில் கொதிக்கும் இரும்பிலிருந்து ஒரு கரண்டி மொண்டு, ஆறவைத்து, பிஸ்கட் அளவுக்கு ஒரு வில்லையாக்கி என்னிடம் அனுப்புவார்கள். நான் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மெஷினில் வைப்பேன். மெஷின் ஒரு பொறியைப் பாய்ச்சி, கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று தாளில் அடித்துத் தரும். தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்பதால் அறைக்கு ஏசி போட்டிருந்தார்கள். வெளி ஆள் யாரும் உள்ளே வரக்கூடாது. சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி அளவுக்கு ஒரு ஜன்னல். அதன் வழியாக ஒரு கை வரும், சூடு ஆறாத வில்லையை வைக்கும், போய்விடும்.

அந்தக் கைகளை எனக்கு நன்றாகத் தெரியும். மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிய கை, தீக்காயம் வழவழத்துக் கிடக்கும் கை, சுண்டுவிரல் பாதியோடு நின்றுபோன கை. அவற்றில் பலவற்றின் முகம் கடைசிவரை எனக்குத் தெரியாது. பாதிப் பேர் பீகார், ஒரிசா பக்கத்திலிருந்து வந்தவர்கள். எனக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. சாயங்காலம் ஐந்தரைக்கு வெளியே வரும்போது சில நாள் காலையிலிருந்து நான் வாயே திறக்கவில்லை என்பது நினைவுக்கு வரும். பஸ் நிறுத்தத்தில் கண்டக்டரிடம் ஊர்ப் பெயர் சொல்லும்போது என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்கும்.

அம்மா அப்பா இறந்த பிறகு செவ்வாப்பேட்டை வீடு அண்ணனுடையதாகிவிட்டது. சண்டை எதுவும் கிடையாது. இரண்டு அறை வீட்டில் அண்ணன், அண்ணி, மூன்று குழந்தைகள். நானாகவே கும்மிடிப்பூண்டியில் ஒரு மாடி அறையைப் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி சென்ட்ரல் போய், அங்கே வண்டி மாறி செவ்வாப்பேட்டை போவேன். கறிச்சோறு சாப்பிடுவேன். டிவி பார்ப்பேன். "கல்யாணம் பண்ணிக்கோடா" என்று அண்ணன் சொல்வான். "பார்க்கலாம்ணா" என்பேன். மூன்று மணி வண்டியைப் பிடித்துத் திரும்பிவிடுவேன்.

சதுரங்கம் நான் பாலிடெக்னிக் விடுதியில் கற்றுக்கொண்டது. சென்னைக்காரர் ஒருவர் உலக சாம்பியன் ஆன செய்தி வந்த சமயம் எங்கள் ஆலையின் மனமகிழ் மன்றத்துக்கும் நான்கு செஸ் போர்டு வாங்கிப்போட்டார்கள். முதல் மாதம் இடம் பிடிக்கச் சண்டை. இரண்டாவது மாதம் கேரம் போர்டுக்கே எல்லோரும் திரும்பிவிட்டார்கள். சிப்பாய்கள் தொலைந்துபோன போர்டு ஒன்றை நான் கேட்டு வாங்கி அறைக்குக் கொண்டுவந்தேன். தொலைந்த சிப்பாய்களுக்குப் பதிலாக லேப்பிலிருந்து கொண்டுவந்த குட்டி இரும்புத் துண்டுகளை வைத்தேன்.

சென்ட்ரல் பக்கம் பழைய புத்தகக் கடையில் சதுரங்கத்தின் வரலாறு பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்திருந்தது. பெரிய ஆட்டக்காரர்களின் வாழ்க்கையும் அவர்கள் ஆடிய ஆட்டங்களும் அதில் இருந்தன. சாயங்காலங்களில் அந்த ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் பாரிஸில் ஆடியதை கும்மிடிப்பூண்டியில் நான் ஒருவனே இரண்டு பக்கமும் நகர்த்துவேன். ஜெயித்தவனும் நான்தான், தோற்றவனும் நான்தான்.

அப்போது சென்னையிலிருந்து சதுரங்கத்துக்கென்று ஒரு சின்ன மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில், அஞ்சல் வழியாக ஆட விரும்புகிறவர்கள் எழுதலாம் என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தார்கள். ஒரு கார்டில் என் நகர்வை எழுதி அனுப்ப வேண்டும். அவர் பதில் நகர்வை எழுதி அனுப்புவார். ஒரு ஆட்டம் முடிய இரண்டு வருஷம்கூட ஆகலாம். எழுதிப்போட்டேன். இரண்டு வாரத்தில் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. எனக்கு வெள்ளைக் காய். எதிராளியின் முகவரி பழவேற்காடு.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கேயோ அசாமிலோ பம்பாயிலோ ஒருவர் கிடைப்பார் என்று நினைத்திருந்தேன். பழவேற்காடு என் அறையிலிருந்து ஒன்றரை மணி நேரம். பொன்னேரி வரை ரயில், அப்புறம் ஒரு பஸ். ஆனால் கார்டு நேராகப் போகாது, சென்னை போய்ச் சுற்றிக்கொண்டுதான் போகும். நான் திங்கட்கிழமை போட்டால் அவருக்கு வியாழக்கிழமை கிடைக்கும். பெயரைப் பார்த்து முஸ்லிம் என்று தெரிந்துகொண்டேன். அவர் கார்டில் குத்தியிருந்த கடை முத்திரையிலிருந்து வலை, கயிறு விற்கிறவர் என்பதும் தெரிந்தது. அதற்கு மேல் தெரிந்துகொள்ள நான் முயலவில்லை.

கட்டங்களுக்கு எண் கொடுத்து நகர்வுகளை எழுதுவது அஞ்சல் ஆட்டத்தில் வழக்கம். ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினால் 5254. கார்டில் வேறொன்றும் எழுத வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. நான்கு எண்களும் என் கையெழுத்தும் மட்டும் போட்டு அனுப்புவேன்.

கீழ்வீட்டில் இருந்த என் வீட்டுக்காரம்மாவிடம்தான் தபால்காரர் கார்டுகளைக் கொடுத்துவிட்டுப் போவார். தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்திருந்த நேரம். ஒரு நாள் அந்தம்மா படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"இன்னா சார் இது, வாரா வாரம் நம்பரா வருது? லாட்டரி கீட்டரி ஆடுறீங்களா? போலீஸ் வந்து நின்னா எனக்குத்தான பேஜாரு?"

"செஸ்ஸும்மா. ராஜா, ராணி வெச்சு ஆடுவாங்களே, அது."

"லெட்டர்லயா?"

"ஆமாம்மா."

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆள் யாரும் இல்லியா சார் உங்களுக்கு, எதிர்ல உக்காந்து ஆட?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். கார்டை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டேன்.

முதல் பதின்மூன்று நகர்வுகளில் நான் நன்றாக முன்னேறிவிட்டேன். ஒரு சிப்பாய் எனக்கு அதிகம். அவருடைய ராஜா நடுப்பலகையில் மாட்டிக்கொண்டு நின்றது. இன்னும் ஐந்தாறு கார்டுகளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பதினான்காவது நகர்வுக்கு அவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். வந்த நகர்வைப் பார்த்தால், முன்னால் நின்ற குதிரையை அது புறப்பட்ட இடத்துக்கே திருப்பிவைத்திருந்தார். பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன். நான்கு நாள் போர்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, அந்த நிலையில் அது ஒன்றுதான் சரியான நகர்வு.

அதற்குப் பிறகு ஆட்டம் மாறிவிட்டது. நான் எங்கே கை வைத்தாலும் அவர் முன்பே அங்கே இருந்தார். லேப்பில் மெஷின் தாள் அடிக்கும் இடைவெளியில்கூட அந்தப் போர்டு என் கண்ணுக்குள் இருக்கும். ஜன்னல் வழியாகக் கை வருவதைக் கவனிக்காமல் ஒரு தடவை வில்லை வைத்தவன் சுவரைத் தட்ட வேண்டியிருந்தது. என்னைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற ஒரு மனிதர் பழவேற்காட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு எனக்குப் பெரிய துணையாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. என் மனதில் ஓடுவதை அவர் ஒருவர்தான் தெரிந்துவைத்திருந்தார்.

இருபத்தி மூன்றாவது நகர்வில் என் குதிரைக்குத் தன் யானையைக் கொடுத்தார். சாதாரணமாக யாரும் செய்யமாட்டார்கள். யானை குதிரையைவிடப் பெரிய காய். ஆனால் அதோடு என் ஆட்டம் முடிந்தது என்று இரண்டு நாளில் தெரிந்துபோயிற்று. அன்று முதல் தடவையாக எண்களுக்குக் கீழே நான் ஒரு வரி எழுதினேன். "இந்த நகர்வை என் புத்தகத்தில் இருக்கிற பெரிய ஆட்டக்காரர்கள் வைத்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்கள். உங்களோடு ஆடக் கிடைத்தது என் பாக்கியம்."

அந்தக் கார்டுக்குப் பதில் வரவில்லை.

அது நவம்பர் மாதம். யோசிக்கிறார் என்று நினைத்தேன். மழையில் தபால் தாமதம் என்று நினைத்தேன். டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, செவ்வாப்பேட்டையில் அண்ணன் வீட்டு டிவியில் கடல் ஊருக்குள் வருவதைப் பார்த்தேன். மெரினா, நாகப்பட்டினம், கடலூர். ஒரு தடவை பழவேற்காடு என்ற பெயரும் கீழே ஓடியது. அண்ணி சோறு போட்டுக்கொண்டிருந்தார். நான் தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா தம்பி, உனக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் அங்க கீறாங்களா?" என்று அண்ணி கேட்டார்.

"ஒருத்தர் இருக்காரு அண்ணி."

"யாரு?"

யார் என்று சொல்லத் தெரியவில்லை. நண்பர் என்று சொல்ல வாய் வரவில்லை. முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. "தெரிஞ்சவரு" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தேன். ஊர்க்கோடியில் சேறு இன்னும் காயவில்லை. உடைந்த படகுகளைச் சாலையோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள். கடைத்தெருவில் வலைக்கடையைக் கேட்டதும் காட்டினார்கள். கடை திறந்திருந்தது. வாசலில் நைலான் வலைகள் மலைபோல் கிடந்தன. நாற்பது வயது இருக்கும், மெலிந்த ஒருவர் உட்கார்ந்து கயிறு அளந்துகொண்டிருந்தார்.

"இன்னா வேணும் சார்?"

"ஒண்ணும் வேணாம் பாய். உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். நான் கும்மிடிப்பூண்டி."

"கும்முடிப்பூண்டில யாரு?"

எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "வெள்ளைக் காய்" என்றேன்.

அவர் கையிலிருந்த கயிறு தளர்ந்தது. சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் முகத்தில் தெரிந்தது பயம்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆவலையே பாய்? கார்டு வரலை, அதான்…"

"எங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். தண்ணி தெரு முனையோட நின்னுச்சு. குப்பத்து ஜனங்களுக்குத்தான் படகு, வலை எல்லாம் பூட்ச்சு." கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தார். "என்னைப் பார்க்கவா வந்தீங்க? இவ்ளோ தூரம்?"

"ஒன்றரை மணி நேரம்தான் பாய்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு குறைந்த தூரம் என்பது எனக்கே உறைத்தது.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று வீட்டுக்குக் கூட்டிப்போனார். பெரிய வீடு. மூன்று அண்ணன்மார், அவர்கள் பிள்ளைகள், எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். கூடத்தில் ஒரே சத்தம். இவர் எட்டு வருஷம் சவுதியில் இருந்துவிட்டுத் திரும்பியவர். மனைவி காய்ச்சலில் இறந்துபோனதாகவும், அப்போது தான் இங்கே இல்லை என்றும் ஒரே வாக்கியத்தில் சொன்னார். மாடியறையில் எனக்கு இலை போட்டார்கள். மீன் குழம்பும் இறால் வறுவலும் வந்தன. அறையின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர், மேலே பூப்போட்ட துண்டு மூடியிருந்தது.

நான் பாதி சாப்பிட்டிருப்பேன். அவர் எழுந்து போய்த் துண்டை எடுத்துவிட்டு கம்ப்யூட்டரைப் போட்டார். அது உயிர் பெற இரண்டு மூன்று நிமிஷம் ஆனது. அவர் திரும்பிப் பார்க்காமலே நின்றார். திரையில் ஒரு சதுரங்கப் பலகை வந்தது. என் ராஜா, அவர் ராணி, நான் வெட்டிய யானை இல்லாத மூலை. எங்கள் ஆட்டம். கீழே ஒரு எண், கறுப்பு ஜெயிக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணன் மவன் மெட்ராஸ்ல படிக்கிறான். அவன் வெச்சிட்டுப் போனது" என்றார். "பதினாலாவது மூவ்ல இருந்து நான் ஆடலை சார்."

நான் இலையை விட்டுத் திரையைப் பார்த்தேன்.

"அந்த யானை?"

"இதுதான் குடுக்கச் சொல்லிச்சு. எதுக்குன்னே எனக்குத் தெரியாது. நீங்க பாக்கியம் கீக்கியம்னு எழுதினதும் என்னால படிக்க முடியலை சார். அதுக்கப்புறம் கார்டு எழுதக் கை வரலை."

"தோத்துட்டேன்னு ஒரு கார்டு போட்டிருக்கலாமே பாய். பதினாலாவதுலயே முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும்" என்றார். "அப்பறம் கார்டு வராதே."

கீழே குழந்தைகள் ஓடும் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த ஊட்டுல இருபது பேரு கீறோம் சார். என் பேருக்குன்னு ஒண்ணு வருதுன்னா அது உங்க கார்டுதான்."

அதைக் கேட்டு அன்றைக்கு என் மனம் இளகவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். கையைக் கழுவிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். அவர் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். பஸ் புறப்பட்டபோது கையைத் தூக்கினார். நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். பகலெல்லாம் ஒரு மெஷினோடு உட்கார்ந்துவிட்டு, மாலையில் ஒரு மனிதரிடம் போகிறேன் என்று நினைத்திருந்தேன். போனதும் ஒரு மெஷினிடம்தான். இரண்டு மாதம் அந்தப் போர்டைத் தொடவில்லை.

பிறகு ஒரு நாள், வீசிவிடலாம் என்று கார்டுக் கட்டை எடுத்தேன். முதல் பதின்மூன்றை ஒரு பக்கமும் மிச்சத்தை இன்னொரு பக்கமுமாகப் பிரித்தேன். அப்போதுதான் எண்களுக்குக் கீழே இருந்த வரிகளைப் படித்தேன். முதலிலிருந்தே அவர் ஒவ்வொரு கார்டிலும் ஒரு வரி எழுதியிருந்தார். நான் நகர்வை மட்டும் பார்த்துவிட்டு போர்டுக்கு ஓடியிருக்கிறேன். "இங்கே நேற்று மழை." "இன்று ஏரியில் பூநாரைகள் இறங்கியிருக்கின்றன, ரோஜா நிறம்." "கடையில் ஆள் இல்லை, சும்மா இருக்கிறேன்." பதினான்காவதுக்குப் பிறகு அந்த வரிகள் நீண்டிருந்தன. "கும்மிடிப்பூண்டியில் புகை அதிகம் என்கிறார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்." "என் மனைவிக்கு மல்லிகை வாசனை ஆகாது, தலைவலி வரும். இன்று தெருவில் ஒருத்தி வைத்துக்கொண்டு போனாள், ஞாபகம் வந்தது." எண்கள் மெஷினுடையவை. இவை அவருடையவை. ஒன்றுக்குக்கூட நான் பதில் எழுதியதில்லை. நான் எழுதிய ஒரே ஒரு வரியும் மெஷினைப் புகழ்ந்துதான்.

மறுநாளே கார்டு போட்டேன். 5254. கீழே, "புது ஆட்டம். கம்ப்யூட்டரைத் துண்டு போட்டு மூடிவையுங்கள். நான் மன்னிக்க எதுவும் இல்லை. நீங்கள்தான் என்னை மன்னிக்க வேண்டும். உங்கள் கார்டுகளை இப்போதுதான் படித்தேன்."

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. 5755. கீழே, "மூடிவிட்டேன். அதன் மேல் என் சட்டைகளை மடித்து வைத்திருக்கிறேன்."

எனக்கு எழுத விஷயம் அதிகம் இல்லை. லேப்பில் என்ன நடக்கும்? அதனால் என் புத்தகத்திலிருந்து ஒவ்வொரு கார்டிலும் ஒரு ஆட்டக்காரரின் கதையைப் பொடி எழுத்தில் எழுதினேன். இந்த ஆட்டம் நம் நாட்டில் பிறந்து பாரசீகம் போய், அரபுக்காரர்கள் கையில் வளர்ந்து, பிறகு ஐரோப்பா போனது என்று எழுதினேன். "எங்கள் முன்னோர் கப்பலில்தான் போயிருக்கும், சரக்கோடு சரக்காக" என்று பதில் வந்தது. அமெரிக்காவிலிருந்து போய், இருபத்தோரு வயதில் ஐரோப்பா முழுவதையும் தோற்கடித்து, ஊர் திரும்பி, வக்கீல் போர்டு மாட்டிய ஒருவரைப் பற்றி எழுதினேன். வந்தவர்கள் வழக்குப் பேசாமல் சதுரங்கமே பேசினார்கள், அவர் மனம் வெறுத்துத் தனியாகிச் செத்துப்போனார். "ஒருத்தராவது அவரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கலாம்" என்று பாய் எழுதினார்.

இருநூறு வருஷத்துக்கு முன், தானாகச் சதுரங்கம் ஆடும் பொம்மை என்று ஒன்றை ஐரோப்பாவெங்கும் காட்டினார்கள். ராஜாக்களே அதனிடம் தோற்றார்கள். உண்மையில் பெட்டிக்குள் ஒரு ஆட்டக்காரர் மெழுகுவர்த்தியோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். இதை எழுதலாமா என்று எனக்கு ஒரு வாரம் தயக்கம். குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். கடைசியில் எழுதிவிட்டேன். அவர் பதில், "உள்ளே இருந்தவருக்கு ரொம்ப வேர்த்திருக்கும். எனக்குத் தெரியும்."

பஞ்சாபிலிருந்து எஜமானரோடு லண்டனுக்குப் போன வேலைக்காரரின் கதைதான் அவருக்கு மிகவும் பிடித்தது. அந்த வேலைக்காரருக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது, குளிர் தாங்காது, எப்போதும் காய்ச்சல். ஐரோப்பிய விதிகளையே தாமதமாகத்தான் கற்றுக்கொண்டார். அப்படியும் அந்த நாட்டுச் சாம்பியன் பட்டத்தை மூன்று முறை வென்றார். உலக சாம்பியனாக இருந்த ஒருவரையே தோற்கடித்தார். பிறகு எஜமானர் ஊர் திரும்பினார், இவரும் திரும்பினார். பெரிய போட்டிகளில் மறுபடி ஆடவேயில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளிடம் உருப்படியாக வேறு ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுக் காலம் கழித்தார். இதற்குப் பதில் அவர் இரண்டு கார்டு நிறைய எழுதினார். சவுதியில் ஒரு கிடங்கில் தான் இருந்த எட்டு வருஷத்தைப் பற்றி. அங்கேதான் ஒரு பாகிஸ்தான்காரர் அவருக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுத்திருக்கிறார். "இரண்டு பேருக்கும் சரியாகப் பேச ஒரு பாஷை கிடையாது. அதனால்தான் ஆடினோம்."

கம்ப்யூட்டர் இல்லாமல் அவர் சுமாரான ஆட்டக்காரர். பதினெட்டாவது நகர்விலேயே என்னால் முடித்திருக்க முடியும். முடிக்கவில்லை. ராணியைச் சும்மா ஒரு கட்டம் நகர்த்தினேன். அடுத்ததில் யானையை அங்கும் இங்கும் இழுத்தேன். மூன்று கார்டு இப்படிப் போனது. நான்காவதுக்கு அவர் எழுதினார், "சார், நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். நான் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? முடியுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு நான் வெள்ளை."

முடித்தேன். அவர் வெள்ளையாக ஆரம்பித்தார். அதையும் நான்தான் ஜெயித்தேன். அதற்கடுத்ததையும். ஒரு ஆட்டம் டிரா ஆனது. வருஷத்துக்கு ஒரு தடவை, ரம்ஜானுக்கு, பழவேற்காடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன். நேரில் பார்த்தால் எங்களுக்குப் பேச்சு வராது. ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டு, "சரி பாய், கார்டு போடுறேன்" என்று எழுந்துவிடுவேன். எல்லோரும் கையில் செல்போன் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். நாங்களும் எண்ணை வாங்கிக்கொண்டோம், ஆனால் கூப்பிட்டதில்லை.

பிறகு ஒரு ஆட்டத்தில் அவர் என்னை ஜெயித்தார். முப்பத்தோராவது நகர்வில் ஒரு சிப்பாயைத் தள்ளினார். நான் எதிர்பார்க்கவேயில்லை. என் ராணி சிக்கிக்கொண்டது. தோல்வியை ஒப்புக்கொண்டு கார்டு எழுதி, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லேப்புக்குப் போனேன். அங்கே எனக்கு அப்போது ஒரு கம்ப்யூட்டர் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு சதுரங்க நிரலை நானே ஏற்றி வைத்திருந்தேன். பார்க்கக் கூடாது என்று மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நிலையைப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

மெஷின் அந்தச் சிப்பாயை ஏற்றுக்கொள்ளவில்லை. அதைவிட நல்ல நகர்வு மூன்று இருந்ததாம். அவர் வைத்தது தவறு, அதற்குப் பதிலாக நான் வைத்தது அதைவிடப் பெரிய தவறு. அவர்தான் ஆடியிருக்கிறார். அவரே யோசித்து, அவரே தப்பு செய்து, அவரே ஜெயித்திருக்கிறார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அந்த அறையில் வேறு எந்த நாளும் இருந்ததில்லை. அதே சமயம், என் முகத்தை நானே பார்க்க விரும்பாத அளவுக்கு வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த வருஷம் அவர் மறுபடி சவுதிக்குப் போய்விட்டார். கடையை அண்ணன்மார் பிரித்துக்கொண்டார்கள், இவர் பங்கு எதற்கும் போதவில்லை. நாங்கள் பாதியில் விட்ட ஆட்டம் ஒன்பதாவது நகர்வில் நிற்கிறது. போய் ஐந்தாறு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. லேப்பில் இருந்தேன். முதலில் குரலை அடையாளம் தெரியவில்லை.

"நல்லா கீறீங்களா சார்?"

"நல்லா இருக்கேன் பாய். அங்க எப்படி?"

"வெய்யில் ஜாஸ்தி."

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் ஒன்றும் வரவில்லை. கார்டாக இருந்தால் எழுதியிருப்பேன். அந்த அமைதி தாங்காமல்தான் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

"பாய், நீங்க ஜெயிச்சீங்களே ஒரு ஆட்டம், அதை நான் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தேன்."

மறுமுனையில் பின்னால் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது.

"இன்னா சொல்லிச்சு அது?" என்று கேட்டார்.

"அந்தச் சிப்பாய் மூவ் தப்பாம் பாய்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து நான் கேட்டதில்லை. ஏரிக்கரையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுகூட. இருமல் வரும் வரை சிரித்தார். "தப்பு மூவா? நான் ஒரு வாரம் யோசிச்சேன் சார் அதுக்கு" என்றார். நானும் சிரித்தேன். ஜன்னல் வழியாக வந்த கை வில்லையை வைத்துவிட்டு, என்ன சத்தம் என்று ஒரு கணம் அங்கேயே நின்றது.

யாரோ கூப்பிடுகிறார்கள், போக வேண்டும் என்றார். போனை வைத்துவிட்டு, வில்லையைத் தேய்க்க எடுத்தேன்.